தாள் மூன்று

தங்கசாலைத் தெருவில் இரண்டாம் மாடி,
கீழே பாத்திரக் கடை.
ஒரு வரிக்கு முப்பது காசு.
பழைய கணக்கெடுப்புத் தாள்களைப்
படமாக அனுப்புகிறார்கள்,
எட்டுப் பேர் உட்கார்ந்து தட்டுகிறோம்.
கரையான் தின்ற இடத்தில்
‘தெளிவில்லை’ என்று போடணும்.
ஊகிக்கக் கூடாது.
ஊகித்தால் அந்த வரிக்குக் காசு கிடையாது.

கொருக்குப்பேட்டைக் கட்டு வந்த அன்று
சோற்று டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு
அப்பாவைத் தேடினேன்.
நாகபூஷணம். இல்லை.
நாகபூசணம். இல்லை.
ணகரத்தை னகரமாக்கி, பூவைக் குறுக்கி,
கணக்கெடுக்க வந்தவர் எந்த ஊர்ப் பள்ளிக்கூடமோ
அந்த ஊர் நாக்காலும் சொல்லிப் பார்த்தேன்.
கையெழுத்தைப் படிக்கிற சாப்ட்வேர் ஓரிடத்தில்
‘நாக பூசணி’ என்று படித்து வைத்திருந்தது.
திறந்தால் அது யாரோ ஒரு கீரைக்காரம்மா,
விதவை, ஐம்பத்திரண்டு,
எழுதப் படிக்கத் தெரியாது.

பெயரை விட்டுத் தெருவைப் பிடித்தேன்.
அம்மா சொல்கிற ஓட்டு வீடு
ரயில்வே கேட்டுக்குத் தெற்கே, எண் பதினெட்டு.
வாசலில் முருங்கை, இரண்டு எட்டு வைத்தால் குழாயடி.
“நீ பொறந்தப்போ புது ஓடு.
மழ பேஞ்சா ஒரு சொட்டு எறங்காது.”
பதினாறில் ஒரு தையல்காரர், ஏழு உருப்படி.
பதினேழில் எண்ணெய் கம்பெனி வாட்ச்மேன், தனியாள்.
பதினெட்டு, அடுப்புக்கரி மண்டி.
குடியிருப்போர் இல்லை.

சோறு காய்ந்துவிட்டது.
மூடப் போனவள் கட்டின் கடைசியில் பார்த்தேன்,
வேறு மையில், சாய்ந்த எழுத்தில் மூன்று தாள்.
வீடற்றோர். இரவுக் கணக்கு.
கூட்ஸ் ஷெட் மதில் ஓரம்.

தாள் மூன்று.
வீட்டு எண்: ஒரு கோடு.
சுவர்: கோடு. தரை: கோடு.
கூரை எதனால் ஆனது:
அந்தக் கோட்டில் மட்டும் மை தடித்திருக்கிறது,
பேனா கொஞ்சம் நின்றிருக்கிறது.

நாகபூசனம், ஆண், முப்பத்தொன்று, மூட்டை தூக்குதல்.
தனகோட்டி, பெண், இருபத்து நாலு, வேலை இல்லை.
மரகதம், பெண், ஐந்து.
அப்புறம் ஒரு வரி.
பெயர் வைக்கவில்லை. பெண். வயது 0.

எனக்கு இப்போது நாற்பத்து நாலு.
சர்க்கரை மாத்திரை, இரண்டு பிள்ளைகள், ஒரு சீட்டு பாக்கி.
இவ்வளவு சின்னதாக என்னை
யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

மாடிப்படியில் நின்று போன் போட்டேன்.
மூலக்கொத்தளத்தில் குக்கர் கூவுகிற சத்தம்.
“ம்மா, கூட்ஸ் ஷெட் பக்கம் எப்பனா இருந்தமா?”
குக்கர் நின்றது.
“யாரு சொன்னா? மரகதமா?”
“ஒரு பேப்பர்ல இருக்கு.”
இன்னும் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
“டார்ச்ச நேரா மூஞ்சில அடிச்சான் அந்தாளு.
கொழந்த முழிச்சிக்கும்னேன்.
அப்பால கைய வச்சி வெளிச்சத்த மறச்சிக்கினுதான் எழுதுனான்.
நல்ல மனுசன்.
பதினோரு நாளுடி உனுக்கு, பனி வேற...”
பிறகு, கோபமாக:
“ஓடு மாத்துனது பொய்யில்ல.
அது அடுத்த வருசம்.”

திரும்பி வந்து உட்கார்ந்தேன்.
நாலு வரி, ஒரு ரூபாய் இருபது காசு.
கூரை என்கிற கட்டம் மட்டும் கோட்டை வாங்க மாட்டேன் என்றது.
அழுத்தினால் ஒரு பட்டியல் தொங்குகிறது:
ஓலை, ஓடு, தகரம், கான்கிரீட், தெளிவில்லை.
இரண்டாவதன் மேல் அம்புக்குறி
ரொம்ப நேரம் நின்றது.

சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன்.
கோடு போடணும் சார்.
“கோடுல்லாம் ஏத்துக்காதும்மா,
தெளிவில்லைன்னு போட்டுட்டுப் போ.”

தெளிவாத்தானே சார் இருக்கு என்றேன்.

மணி ஐந்தரை.
கீழே எவர்சில்வர் அடுக்குகிறார்கள்.
கட்டம் சிவப்பாகவே இருக்கிறது.