அபராதக் கணக்கு

கோத்தகிரி கிளை நூலகத்தின் மாடியில்
மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, பத்து மணி.
உடைந்த கண்ணாடிக்கு முட்டை அட்டை ஒட்டிய ஜன்னலோரம்
என் இடம்.
நான் பொருளாளர்.
எழுதுவோர் கூட்டத்துக்குச் சொத்தென்று இருப்பது
ஒரு பிஸ்கட் டப்பா, ஒரு கோடு போட்ட நோட்டு,
மூன்று கால் மேசை.
நாலாவது காலுக்குப் பழைய வாக்காளர் பட்டியல்.

போன சித்திரையில் கை தூக்கி முடிவு செய்தோம்:
மூடுபனி என்று எழுதினால் ஐந்து ரூபாய்.
தைல மர வாசனைக்கு மூன்று.
தேயிலைத் தோட்டத்தைப் பச்சைக் கம்பளம் என்றால்
பத்து, பேரம் கிடையாது.
'போல' மட்டும் பக்கத்துக்கு இரண்டு வரை இலவசம்.
டப்பாவில் விழுவதுதான்
எங்கள் டீயும் வர்க்கியும்.
எல்லோரும் திருந்திவிட்டால் பட்டினிதான் என்பார்
மினி பஸ் கண்டக்டர் நல்லமுத்து.
அவர் டிக்கெட்டின் பின்புறத்தில் எழுதுகிறவர்.
நாலு வரிக்கு மேல் இடமில்லை,
அதனால் அபராதமும் இல்லை.

ஜெசிந்தா டீச்சர் வேதியியல்.
சிவப்புப் பேனாவை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்னோம்.
இப்போது பென்சிலால் அடிக்கிறார், அதே அழுத்தத்தில்.
பெள்ளிராஜ் தன் கேரட் கதையை ஏழாம் முறை திருத்துகிறார்.
படுகில் ஏசுகிற அம்மாவைத் தமிழில் எழுதினால்
தாசில்தார் மாதிரி பேசுகிறாளாம்.
ஒரு காலை முழுக்க அந்த ஒரு வசவோடு உட்கார்ந்திருந்தோம்.
தீரவில்லை.
அம்மாவை வாயைத் திறக்காமல்
களைக்கொத்தை வீசி எறிய வைத்திருக்கிறார் இப்போது.
அது பரவாயில்லை.

நான் தபாலாபீசில் முத்திரை குத்துகிறவன்.
அபராதம் அதிகம் கட்டியதும் நானே,
நோட்டில் இருக்கிறது:
வைகாசியில் நாற்பது, ஆடியில் அறுபத்தைந்து.

ஐப்பசியில் லோஜினி வந்தாள்.
டேன்டீ ஃபேக்டரியில் இரவு ஷிப்ட் முடித்து,
புருவத்தில் தேயிலைத் தூசியோடு.
உட்காருமுன் டப்பாவைத் திறந்து
ஐம்பது ரூபாய்த் தாளைப் போட்டாள்.
எதுக்கும்மா என்றேன்.
"பத்துத் தடவ வரும்ண்ணே.
முன்னாடியே வாங்கிக்குங்க,
நடுவுல நிறுத்தாதீங்க."

ஒன்றரைப் பக்கம்.
பதினேழாம் நம்பர் காடு.
அவளும் நாத்தனாரும் அடுத்தடுத்த நிரை.
மூடுபனி.
கண்ணுக்குக் கொழுந்து தெரியவில்லை, விரல் பறிக்கிறது.
பக்கத்தில் ஏதோ மூச்சு விடுகிறது.
மூடுபனி.
கங்காணி என்று நினைத்து முந்தானையைச் சரிசெய்கிறாள்.
நாத்தனாரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள்.
ம்.
இன்னொரு தரம்.
ம்.
மூன்றாம் தரம்
சரிவில் கூடை மட்டும் உருண்டு வருகிறது,
கொழுந்தைச் சிந்திக்கொண்டே.
மூடுபனி.

காட்டுமாடு என்ற சொல் எங்குமே இல்லை.
நோட்டை மூடிவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து ஜெசிந்தா டீச்சர்,
பழக்க தோஷம்,
"ஒண்ணு ரெண்டு இடத்துல வெறுமனே
வெள்ளைன்னு போட்டுப் பாக்கலாமே?"
லோஜினி யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள்.
"வெள்ளையா இல்ல டீச்சர்.
அன்னிக்கி அதுக்கு நெறமே இல்ல."
டீச்சர் பென்சிலைக் கீழே வைத்தார்.

எண்ண வேண்டியவன் எண்ணவில்லை.
பிறகு நோட்டை வாங்கி விரல் வைத்துப் பார்த்தேன்:
ஏழு.
பதினைந்து ரூபாய் பாக்கி தரணும் என்றேன்.
"வச்சிக்குங்க. இன்னும் எழுதல."

என் பழைய பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.
எவ்வளவு பனி.
தவழும், படரும், போர்த்தும், முத்தமிடும்.
ஒன்றிலும் உள்ளே ஒரு ஆள் இல்லை.

வரவு ஐம்பது என்று எழுதினேன்.
எதற்கு என்ற கட்டத்தில்
பேனா நின்றது, மை வட்டமாக ஊறியது.
இன்றுவரை அது அப்படியேதான்.
அன்றைக்கு டப்பாவில் யாரும் கை வைக்கவில்லை.
டீக்கு நல்லமுத்து கொடுத்தார்,
தோல் பையிலிருந்து, எல்லாம் சில்லறையாக.