பசை சேர்க்கப்படவில்லை

அயோத்தியாப்பட்டணம் தாண்டிப் புளித்த வாடை அடித்தால்
அதுதான் எங்கள் மில்.
ஜவ்வரிசிதான் வெள்ளை. வாடைக்கு வேறு நிறம்.

ஈர மாவைத் தூளியில் போட்டு ஆட்டுகிறார்கள்.
ஆட்ட ஆட்ட உருள்கிறது,
உருண்டு தன்னையே பிடித்துக்கொள்கிறது.
"என்ன பசை போடறீங்க?"
சுற்றிப் பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகள் கேட்பார்கள்.
ஒன்றும் போடவில்லை கண்ணு. தண்ணீர்தான்.
இரண்டு துகளுக்கு நடுவே
பாலம் போல் வளைந்து நிற்கிற துளித் தண்ணீர்.

அப்புறம் சூட்டுத் தட்டு.
அறுபத்தைந்து, எழுபது டிகிரியில்
குச்சிக்கிழங்கு மாவு தன் பிடியை விடும்.
ஹைட்ரஜன் நீட்டிய சுண்டுவிரலை
எதிர்வீட்டு ஆக்சிஜன் தொட்டுக்கொண்டிருந்த
அத்தனை லேசான பிடி.
விட்ட இடத்தில் தண்ணீர் புகுந்து உப்பிக் கண்ணாடியாகி
ஆறும்போது மறுபடி பிடிக்கும்,
பழைய விரல் கிடைக்காவிட்டால் பக்கத்து விரலை.

தண்ணீருக்குள் அந்தப் பிடியின் ஆயுள்
ஒரு நொடியை லட்சம் கோடியாய் நறுக்கினால்
ஒன்றிரண்டு துண்டு.
அதை வைத்துக்கொண்டுதான் சேர்வராயன் ஓடைகளெல்லாம்
ஒழுகாமல் ஓடி வருகின்றன.

ஆய்வறைக் கூரையில் ஒரு பல்லி.
அதற்கும் பசை கிடையாது.
பாதத்தில் லட்சக்கணக்கில் நுண்மயிர்,
ஒவ்வொன்றும் சுண்ணாம்போடு செய்துகொண்ட சின்னச் சம்மதம்.
மார்ச்சில் கொதிகலன் ஆவியில் கூரை நனைந்த அன்று
என் நோட்டின் மேல் வந்து விழுந்தது.
நாகரத்தினம் பஞ்சாங்கம் புரட்டினாள்.
தலை, தோள், தொடை எல்லாவற்றுக்கும் பலன் இருந்தது.
நோட்டுக்கு இல்லை.

முதலாளி செங்கோட்டுவேலுக்கு வெள்ளை வேண்டும்.
இந்தூர் வியாபாரி கையில் அள்ளி
வெளிச்சத்தில்தான் பார்ப்பானாம்.
நேற்று ராத்திரி நாலாம் தொட்டியில் கேன் கேனாய் ஊற்றியிருக்கிறார்கள்.
கேனில் பெயர் ஒட்டவில்லை.
ஆஸ்பத்திரித் தரையை முகர்ந்த மூக்குக்குப் பெயர் தேவையில்லை.

காலையில் கஞ்சி காய்ச்சிச் சுழல்தண்டை இறக்கினேன்.
முள் ஏறவில்லை.
இன்னொரு முறை காய்ச்சினேன்.
இது வேறு முறிவு.
குளுக்கோஸும் குளுக்கோஸும்
ஓர் ஆக்சிஜனைப் பங்கிட்டுக் கோத்த முதுகெலும்பு
நடுவில் அறுந்திருக்கிறது.
ஆறவைத்தாலும் கூடாது, களத்து வெயிலில் போட்டாலும் கூடாது.
வெள்ளையாய் இருக்கும். ரொம்ப வெள்ளையாய்.

"வாய்க்குள்ள போனா எல்லாமே கஞ்சிதானம்மா,
போன வார நெம்பரையே போட்ரு."
கையெழுத்துக்கு இடம் விட்டு வைத்திருந்தார்.

அப்போதுதான் மலைப்பக்கம் இருட்டியது.
களத்தில் நாற்பது மூட்டைக் காய்ச்சல்.
தராசை விட்டு மாதையன் ஓடினான், நானும் ஓடினேன்.
தார்ப்பாயின் ஒரு முனை என்னிடம்,
எதிர்முனையில் நாகரத்தினம்.
சீட்டுப் பணத் தகராறில் ஒன்பது நாளாய்ப் பேச்சில்லை.
"இழு" என்றாள்.
இழுத்தேன்.
மழை எங்கள் இருவர் மேலும் பெய்தது,
பாய்க்கடியில் பெய்யவில்லை.
விட்டதும் அவள் முனையை அவளும்
என் முனையை நானும் போட்டுவிட்டு நடந்தோம்.
அவள் முந்தானையைப் பிழிந்துகொண்டே
"ரெண்டாயிரம்னா ரெண்டாயிரந்தான்" என்றாள்.
பத்தாம் நாள் பேச்சு அது.

தார்ப்பாய் மேல் தண்ணீர்
தூளி ஆட்டாமலே உருண்டு உருண்டு நின்றது.

ஆய்வறையில் ரிப்போர்ட் தாள்
ஈர விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.
உதறினேன், விடவில்லை.
மேசையில் வைத்து ஓரம் ஓரமாய் உரித்தெடுத்து
இன்று வந்த எண்ணையே எழுதினேன்.
பக்கத்தில், நாலாம் தொட்டி என்றும்.
மை கொஞ்சம் ஊறிப் பரவியது.
ஆனாலும் படிக்கலாம்.