கயிற்று விலை

சாசர் பன்னிரண்டு ரூபாய்.
அனுப்பும் செலவு நூற்றெண்பது.

ஏலம் முடிய நாலு நிமிஷம் இருக்கையில்
சேலத்துக்காரர் ஒருவர் பதினொன்று கேட்டார்.
பன்னிரண்டு என்று தட்டிவிட்டு
அடுப்பை அணைக்கப் போனேன்.
திரும்பி வந்தபோது சாசர் என்னுடையது.
அந்த நூற்றெண்பது அப்போதும் அங்கேதான் இருந்தது,
பொடி எழுத்தில், சாம்பல் நிறத்தில்.
பார்க்கவில்லை என்று சொன்னால் பொய்.

கண்ணபுரம் சந்தையில் மாட்டை விற்றவர்
கயிற்றை உருவிக்கொண்டு போவார்.
அது வழக்கம், யாரும் கேட்பதில்லை.
இவன் மாட்டைச் சும்மா கொடுத்துவிட்டுக்
கயிற்றுக்கு விலை வைக்கிறான்
என்று ஆபீசில் சொல்லிச் சொல்லி
இரண்டு நாளை ஓட்டினேன்.
"உங்களுக்குத் தெரியாத தபால் ரேட்டாக்கா"
என்று சிரித்தான் பட்டுவாடா சென்னியப்பன்.

அதுதான் எரிச்சல்.
பதினேழு வருஷமாகக் காங்கேயத்தில்
எடை போடுகிறவள் நான்.
கிராமுக்கு இத்தனை, தூரத்துக்கு இத்தனை,
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

புதன்கிழமை, வரிசையில் நாலாவதாக,
ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிய ஒரு பையன்.
தினமும் வருகிறவன்தான். முகம் தெரியும், பேர் தெரியாது.
மூன்று பெட்டிகளைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினான்.
மூன்றாவதில்
சா. வஞ்சிக்கொடி, பழையகோட்டை ரோடு.

என் பேர். என் வீடு.
என்னுடையதைவிடச் சுத்தமான கையெழுத்து.
அனுப்புநர் ம. திருமூர்த்தி, கரூர் ரோடு.
'கோவைப் பீங்கான் களஞ்சியம்' என்று திரையில் மினுக்கியது
என் கவுன்ட்டரிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர்.

தராசு சொன்னது: முந்நூற்றுத் தொண்ணூறு கிராம்.
"நாப்பத்தேழு" என்றேன்.
குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கும்.

மிச்சம் நூற்று முப்பத்து மூன்று
எங்களுக்கு நடுவே கண்ணாடியில் நின்றது.

ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பவள் போல
பெட்டியைத் திருப்பினேன்.
திருப்பூர் பனியன் கம்பெனி அட்டை,
அச்சடித்த பக்கம் உள்ளே போகும்படி மடித்தது.
அது ஓசியில் வந்திருக்கலாம்.
மூலைக்கு மூலை டேப். அது ஓசியில் வராது.
குலுக்கினேன், சத்தமே இல்லை.
உள்ளே எத்தனை தாளோ, எத்தனை நேரமோ.
அவன் கட்டைவிரலில் டேப் அறுத்த கோடு.
பெட்ரோல்.
அப்புறம் இந்த வரிசை.
ஒன்றேகாலுக்கு நான் பலகையை வைத்தபோதே
வாசலில் நின்றிருந்தான்.
தயிர்சாதம் தின்று, டிபன் பாக்ஸ் கழுவி,
மகளோடு போனில் சண்டை போட்டு,
பலகையை எடுத்தபோது ரெண்டேகால்.
நூற்று முப்பத்து மூன்றில்
என் தயிர்சாதம் எத்தனை?

கேட்டிருக்கலாம்:
"ஏனுங் தம்பி, இதுக்கு எவ்வளவு வாங்குனீங்க?"
அவனும் கேட்டிருக்கலாம்:
"ஏனுங்க்கா, பீங்கான் சாசரு பன்னண்டு ரூவாய்க்கு
எந்தக் கடையிலீங்க கெடைக்குது?"
ஒன்றும் நடக்கவில்லை.
பின்னால் ஒரு அம்மா மணியார்டர் பாரத்தோடு இருமினாள்.

முத்திரை குத்தும்போதுதான் கை நின்றது.
எதன்மேலும் டொம்மென்று இறக்குகிறவள்
எனக்கு வரும் பெட்டிக்கு
குழந்தைக்குப் பொட்டு வைப்பதுபோல வைத்தேன்.
மற்ற இரண்டிலும் முன்பே குத்தியாகிவிட்டது.
அவற்றில் என்ன இருந்ததோ.
உடைந்திருந்தால் திட்டு அவனுக்கு.

மூன்றும் சேர்த்து நூற்று நாற்பத்தேழு.
நூற்றைம்பது நீட்டினான்.
"மூணு ரூபாய் சில்லறை இல்லை" என்றேன்.
டிராயரில் இருந்தது, துழாவ வேண்டும்.
"இருக்கட்டுங்க்கா" என்று போய்விட்டான்.

சாசர் ஈரோடு போய், ஓர் இரவு தங்கி,
வெள்ளிக்கிழமை இதே கட்டடத்துக்குத் திரும்பியது.
சென்னியப்பன் என் நாற்காலிக்கே வந்து கையெழுத்து வாங்கினான்.
கீறல்கூட இல்லை. ஐந்தோடு ஆறாவதாக உட்கார்ந்தது,
நீலக் கோடு மட்டும் ஒரு சாயல் அதிகம்.

போன் இப்போது நட்சத்திரம் கேட்கிறது.
பொருளுக்கு ஐந்து. கட்டிய விதத்துக்கு ஐந்து.
அனுப்பும் செலவு நியாயமாக இருந்ததா?
அந்த வரியை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை வருவான்.
அவனுடைய மூன்று ரூபாயை
ஒரு கவரில் போட்டுப் பேரெழுதி வைத்திருக்கிறேன்.
கவர் ஐந்து ரூபாய்.