மைனஸ் இருபது

தடைக்காலத்தில் மண்டபத்து ஐஸ் கம்பெனி
சும்மாதான் கிடக்கும்.
வாடகை வேண்டாம், கரண்டு பில்லை மட்டும் கட்டுங்கள் என்றார்
இபுராம்சா முதலாளி.
சுவரெல்லாம் தெர்மாகோல். மூக்கில் ஏறும் அமோனியா.
ஹில்டா நடுவில் நின்று ஒருமுறை கைதட்டினாள்.
தட்டிய சத்தம் தட்டிய இடத்திலேயே விழுந்தது.
மைக்குகளை இறக்கச் சொன்னாள்.

ஆல்பம் ஜப்பானைப் பற்றியது.
எங்களில் ஒருவரும் ஜப்பான் போனதில்லை.
பாஸ் கிடார் ரொசாரியோ தூத்துக்குடியைத் தாண்டியதில்லை.
எங்கள் கணவாய்கள் போயிருக்கின்றன,
தோலுரிந்து, மை கழுவி,
பெட்டிக்குள் படுத்தபடி, விசா இல்லாமல்.

அங்கே பெரிய மேளத்தை
ஒரே மரத்தைக் குடைந்து செய்வார்களாம்.
இங்கே மரம் என்றால் சீமைக்கருவேலம்.
குடைந்தால் உழக்குகூடத் தேறாது.
உடைத்துப்போட்ட வல்லத்தின் பலகைகளை
வளைத்துக் கட்டித்தந்தார் ஓடாவி சவேரி.
"எந்தக் கடலுக்கு?" என்று மட்டும் கேட்டார்.
பழக்கதோஷத்தில் இடுக்கெல்லாம் பஞ்சடைத்துக்
குங்கிலியமும் பூசிவிட்டார்.
மிதக்கும், அதில் சந்தேகமில்லை.

கச்சான் காற்றுக்குத் தோல் தளர்ந்துபோகும்.
காலையில் இடி,
மதியத்துக்குமேல் ஈரச் சாக்கு.
கல்யாணப் பந்தல் விளக்கு ஒன்றை வாடகைக்கு எடுத்துக்
குளிரூட்டும் அறைக்குள் மேளத்துக்குச் சூடு காட்டினோம்.

மூன்றாவது பாட்டில் நான் ஓடினேன்.
பதினேழு டேக். பதினேழிலும் ஓடினேன்.
ஹில்டா ஹெட்போனைக் கழற்றி வைத்தாள்.
"ரெண்டு அடிக்கு நடுவுல இருக்கிறதுக்கு
அவங்க ஒரு பேர் வச்சிருக்காங்க. மா."
"மாங்காயா?" என்றான் ரொசாரியோ.

நான் பகலில் பத்திர எழுத்தரிடம் டைப் அடிக்கிறவள்.
பழைய பத்திரங்களில் மா என்றால் இருபதில் ஒன்று.
அன்று ராத்திரி கையை ஓங்கியபடி
எனக்குள் வாசித்துக்கொண்டேன்:
கிழக்கே ஓர் அடி, மேற்கே ஓர் அடி,
இவற்றுக்கு உட்பட்ட காலியிடம்
நாளது தேதி முதல் என் அனுபோகம்,
வில்லங்கம் ஏதுமில்லை.
பதினெட்டாவது டேக்கை வைத்துக்கொண்டோம்.

அட்டைப்படத்துக்குக் கணவாய்ப் பெட்டியின் எழுத்துகள்.
ஒரு வருடமாக ரொசாரியோ சுவரில் ஒட்டிவைத்து
அதில் மழையைப் பார்த்தான், நாரையைப் பார்த்தான்.
ஏற்றுமதிக் கம்பெனிக்குத் தரம் பார்க்க வந்த ஹொரிகுச்சி
கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார்:
மைனஸ் இருபதுக்குக் கீழே வைக்கவும்.
சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.
மேளத்தருகே போய் இடுக்கில் மூக்கை வைத்துக்
குங்கிலியத்தை முகர்ந்தார்.
முதல் பாட்டைப் போட்டோம்.
"இது ஜப்பான் மாதிரி இல்லை" என்றார்.
கொஞ்ச நேரம் கழித்து,
இன்னொரு தரம் போடச் சொன்னார்.

ஜூன் பத்து. தடை முடிய நாலு நாள்.
இப்போதே தண்ணீர் ஊற்றினால்தான்
படகுகளுக்கு ஐஸ் கிடைக்கும்.
கடைசிப் பாட்டுக்குப் பதினொரு நிமிடம் கேட்டோம்.
இபுராம்சா சுவிட்சின் மேல் கைவைத்துக் காத்திருந்தார்.

பத்தாவது நிமிடம் எல்லாம் நின்றது,
என் கை மேலே.
முடிந்துவிட்டதென்று நினைத்து
மனுஷன் சுவிட்சைப் போட்டார்.

கம்ப்ரசர் அடிவயிற்றிலிருந்து எழுந்தது.
ஹில்டா நிறுத்தச் சொல்லவில்லை.
நான் இறக்கவில்லை.
தரை நடுங்கியது, மைக் ஸ்டாண்டு நடுங்கியது,
மேளத்துத் தோல் யாரும் தொடாமல் லேசாய் முனகியது.
அப்புறம்தான் அடித்தேன்.

அது அப்படியே ஆல்பத்தில் இருக்கிறது.
அது என்ன சிந்தசைசர் என்று
சென்னையிலிருந்து ஒருத்தன் கேட்டான்.
கிர்லோஸ்கர் என்றான் ரொசாரியோ.

ஒயர்களைச் சுருட்டி முடிக்க விடிந்துவிட்டது.
வெளியே வரும்போது அச்சுகளை எட்டிப்பார்த்தேன்.
ஓரங்களில் வெள்ளை கட்டத் தொடங்கியிருந்தது.
நடுவில் இன்னும் தண்ணீர்.