பூட்டில்லாத பெட்டி

பூட்டு இல்லை, அதனால் ஏழு பவுண்டு என்றார் ஜெரன்ஸ்.
பூட்டு இருந்தால் பதினைந்து.
சாவியும் இருந்தால் விற்கவே மாட்டாராம்.
ஞாயிறு காலை, பள்ளி மைதானத்து ஈரப்புல்லில்
கார்களின் டிக்கியைத் திறந்துபோட்டு
டெவன்போர்ட்டே தன் பரணை விற்றுக்கொண்டிருந்தது.

கறுப்புத் தகரம். மூடியில் பித்தளைத் தகடு:
எச். ட்ரெவின், அரசுக் கடற்படை.
உள்ளே நீல வெல்வெட்டில் இரண்டு குழிகள்.
ஒன்றில் தங்கச் சரிகைத் தோளணி.
அதன் ஜோடி கிடக்கவேண்டிய குழியில்
இடது கைக்கான வெள்ளைக் கையுறை,
அதற்கடியில் மால்டா தையற்காரர் ஒருவர்
மூன்றாம் முறையாக, மிகுந்த மரியாதையோடு
கேட்டிருந்த பாக்கி.

நான் டோர்பாயிண்ட் படகில் கையை ஆட்டி ஆட்டிக்
கார்களை வரிசையில் நிறுத்துபவள்.
ஆற்றடியில் கிடக்கும் சங்கிலியைக் கவ்வி
இக்கரைக்கும் அக்கரைக்கும் ஊரும் படகு.
இருபத்திரண்டு வருடத்தில் வழி தவறியதில்லை.
தவறச் சங்கிலி விடாது.
பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை.

அதனாலோ என்னவோ எனக்கொரு வீரன் தேவைப்பட்டான்.
பழைய கடற்படைப் பட்டியல்களில் துரத்தினேன்:
1911 துணை லெப்டினன்ட். 1914 லெப்டினன்ட்.
1922-க்குப் பிறகு அதே படியில் நிற்கிறார்,
லிஃப்ட் வராத மனிதரைப் போல.

கியூ ஆவணக் காப்பகத்தில் பென்சில் மட்டும்தான் அனுமதி.
ஒரே தாளில் ஆயுள் முழுக்க.
கேப்டனுக்கு ஒரு வரி:
ஊக்கமுள்ளவர்.
பிரெஞ்சு பேசுவார்; பேசாமலும் இருக்கலாம்.
நன்றாக நடனமாடுவார்.
முன்யோசனை போதாது.
பிறகு சிவப்பு மையில், சாய்ந்த எழுத்தில்:
தரை தட்டியது.

1923 மார்ச். மூடுபனி. கண்ணிவாரிக் கப்பல் ஒன்று
எசெக்ஸ் கரையோரச் சேற்றில்
ஓதம் ஏறும்வரை, ஆறு மணி நேரம்,
அடைக்கு உட்கார்ந்த கோழி மாதிரி.
யாரும் சாகவில்லை.
சமையற்காரருக்குக் கால்விரல் ஒன்று நசுங்கியது.
விசாரணை மேசையில் அவருடைய வாளையே கிடத்தியிருந்தார்கள்.
திரும்ப உள்ளே அழைத்தபோது
எவரும் வாய் திறப்பதற்கு முன்பே
அதன் நுனி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எக்ஸிடரில் பாஸ்கோ என்றொரு சேகரிப்பாளர்.
ஜட்லாந்து உண்டா, என்றார் போனில். பதக்கம்?
எதையாவது மூழ்கடித்தாரா?
தரை தட்டினார் என்றேன்.
அப்படியா.
மறுமுனையில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது.
பெட்டிக்கு நாற்பது தரலாம், என்றார்.

அன்றிரவு கோபத்தோடுதான் தகட்டைத் துடைக்க உட்கார்ந்தேன்,
யார்மேல் என்று கேட்காதீர்கள்.
நான்கில் ஒரு திருகு ஆடியது.
மற்ற மூன்றையும் கழற்றினேன்.
அடியில், தகரத்திலேயே,
வெள்ளைச் சாயத்தில் பாதி சுரண்டிய இன்னொரு பெயர்:
ஜே. எஃப். கெம்ப்…
அதற்குமேல் துரு.

ட்ரெவினும் பழசு வாங்கியவர்தான்.
புதுப்பெட்டிக்கு வக்கில்லாத இருபது வயதுப் பையன்
எங்கோ ஒரு கடைவாசலில் பேரம் பேசியிருக்கிறான்,
பூட்டு இல்லையே என்று இழுத்துப் பார்த்திருக்கிறான்.
தன் பெயர் அடுத்தவன் பெயரை மறைக்கிறதா என்று
தகட்டை ஒரு நூல் இப்படி, ஒரு நூல் அப்படி
நகர்த்தியிருக்கிறான்.

கையுறையைப் போட்டுப் பார்த்தேன்.
சுண்டுவிரலில் மட்டும் கொஞ்சம் இடம் மிச்சம்.

திங்கட்கிழமை. ஆற்றில் அக்கரை தெரியாத பனி.
படகு சங்கிலியை விழுங்கி விழுங்கித் துப்பிக்கொண்டிருந்தது.
முதல் காரின் டிரைவர் கண்ணாடியை இறக்கி
பார்த்துத்தானே போவீர்கள், என்றார்.
நான் பார்ப்பதே இல்லை என்றேன்.
சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

தகடு இன்னும் சமையலறை மேசையில் கிடக்கிறது,
நான்கு திருகுகளும் ஒரு முட்டைக் கிண்ணத்தில்.
பாஸ்கோ இரண்டு முறை போன் செய்துவிட்டார்.
கெம்ப்டனா, கெம்ப்ஸ்டரா, கெம்ப்தோர்னா?
பென்சிலைச் சீவிக்கொண்டிருக்கிறேன்.