மெயின் சுவிட்ச்

விருந்தாளி கடவுள் அனுப்பியவர்
என்பார்கள் எங்கள் மலையில்.
மின்கட்டணச் சீட்டை அனுப்புவது
வேறு ஆள்.

நான்கு பேர், ஐந்து இரவுகள்.
மாடியறையில் ஹீட்டர் சிவந்து கிடக்கிறது,
ஜன்னல் இரண்டும் விரியத் திறந்திருக்கின்றன.
மலைக்காற்றும் வேண்டுமாம்,
கதகதப்பும் வேண்டுமாம்.
ஆக, ஸ்டெபான்ட்ஸ்மிண்டாவின் பிப்ரவரியை
யூனிட் கணக்கில்
சூடாக்கிக்கொண்டிருக்கிறேன் நான்.

குளியலறையில் வெந்நீர் கொட்டும் சத்தம்.
கதவு பாதி திறந்திருந்தது. ஆள் இல்லை.
கம்பியில் தொங்கிய ஒரு சட்டை மட்டும்
ஆவியில் சுருக்கம் நீங்கிக்கொண்டிருந்தது.
அரைமணி நேரமாக
அதற்குத்தான் குளியல்.

சொல்லிப் பார்க்காமல் இல்லை.
மூன்று மொழிகளில் அட்டை எழுதினேன்,
'தயவுசெய்து' மட்டும் சிவப்பு மையில்.
மறுநாள் அதன்மேல்
காப்பிக் கோப்பையின் வட்டம்.

ஜும்பெர் எல்லையில் நிற்கிறான்.
கணவாயில் பனி; மூன்று நாளாக
அவன் லாரி நகரவில்லை.
எங்கள் நாணயத்துக்கும் லாரி என்றே பெயர்.
அது நிற்காமல் ஓடுகிறது.
"நேரில் கேட்டுவிடேன், நாட்ஸி,
வாய் இருக்கிறதே" என்றான் போனில்.
இருக்கிறது.
அந்த வாயால்தான் முதல் நாள்
"உங்கள் வீடு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்"
என்று சொல்லித் தொலைத்தேன்.
பொய் சொன்னால் பிடித்துவிடலாம்.
இவர்கள் அப்படியும் நினைக்கவில்லை.
அவர்கள் வீட்டில்
விளக்கை அணைத்துவிட்டுத்தானே தூங்குவார்கள்?

மீட்டர் தெருக் கம்பத்தில், உயரத்தில்.
இரவு உணவு முடிந்ததும்
டார்ச்சோடு போய் அண்ணாந்து நிற்கிறேன்.
அந்தச் சிவப்புப் புள்ளி
முதல் நாள் கண்சிமிட்டியது.
நான்காம் நாள் துடித்தது.

அந்த இரவுதான்
படிக்கட்டுக்கு அடியில் குனிந்து
மெயின் சுவிட்சைக் கீழே தள்ளினேன்.
"கரண்ட் போய்விட்டது!" என்று
மாடியை நோக்கிக் கூவினேன்.
"மலையில் இப்படித்தான்!"
என் குரலில் இருந்த வருத்தத்தை
நானே நம்பினேன்.

போர்வை போர்த்திக்கொண்டு
ஒருவர் பின் ஒருவராக இறங்கி வந்தார்கள்.
சமையலறையில் விறகடுப்பு,
மண்சட்டியில் பயறு,
தட்டுக்கு ஒரு மெழுகுவத்தி.
உயரமானவன் கேட்காமலே விறகு எடுத்துப் போட்டான்;
ஒரே ஒரு கட்டைதான்,
அடுப்பு பிடித்துக்கொள்ளும் வரை காத்திருந்து.
விறகு கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் இருக்கலாம்.
இளையவள் தன் பெயர் ஃபென்னா என்றாள்.
நான்கு நாளில் நானும்
அதைக் கேட்டிருக்கவில்லை.

பிறகு அவள் ஜன்னலைப் பார்த்தாள்.
எதிரே ட்சியாலாவின் வீடு
கூடம், மாடி, வாசல் என்று
மஞ்சளாய் எரிந்துகொண்டிருந்தது.
டிவிகூட ஓடியது.
இப்படி ஒரு எதிர்வீடு இருப்பதையே
மறந்துபோயிருந்தேன்.

ஃபென்னா அந்த வெளிச்சத்தைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.
என் கையில் கரண்டி.
மற்ற மூவரும் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள்.
அவள் எழுந்துபோய்
திரைச்சீலையை இழுத்துவிட்டாள்.
"காற்று வருகிறது" என்றாள் அவர்களிடம்.
உட்கார்ந்து
இன்னும் கொஞ்சம் பயறு கேட்டாள்.

பதினொரு மணிக்கு
சுவிட்சை மேலே தள்ளிவிட்டு
வெளியே பனியில் போய் நின்றேன்.
மாடியில் எல்லா விளக்கும் ஒரே சமயம் எரிந்தன.
யாரோ ஒவ்வொன்றாக அணைத்தார்கள்.
ஒரு ஜன்னல் மூடியது.

இன்னொன்று
திறந்தே இருந்தது.
வெகுநேரம் நின்று பார்த்தேன்,
கால் மரத்துப்போகும் வரை.
இன்னும் ஓர் இரவு இருக்கிறது.