பதினான்காவது தட்டு

வியாழன் இரவு, சித்ராவில்
சைட் ஆபீஸின் ஏசியை நிறுத்திவிட்டோம்.
அது ஓடினால் வாட்ச்மேனுக்குத் தெரிந்துவிடும்.
சனிக்கிழமை கம்ப்யூட்டரை ஏலத்துக்கு ஏற்றுகிறார்கள்.
அதற்குள்
நாற்பத்து மூன்று பேரின் மூன்று வருட வருகைப் பதிவு
பிளாப்பியில் ஏறியாக வேண்டும்.
நிலுவையில் நிற்கும் நாலு மாதச் சம்பளத்துக்கு
வேறு சாட்சி கிடையாது.

அறுபது எம்பி.
ஒரு தட்டில் ஒன்றரைகூட நிற்காது.
நாற்பத்திரண்டு வேண்டும் என்று நான் கணக்குப் போட,
சுருக்கும் புரோகிராம்
பதினான்கே போதும் என்றது.

சில்வேராவுக்கு நம்பிக்கை வரவில்லை.
'பாதிய தின்னுட்டுச் சொல்லுதோ?'

தின்னாது. திரும்பத் திரும்ப வருவதை
ஒரு தடவை எழுதிவிட்டு
இத்தனை முறை என்று குறித்துக்கொள்ளும், அவ்வளவுதான்.
வந்தார், பத்து மணி நேரம்.
வந்தார், பத்து மணி நேரம்.
நம் நாட்கள் நன்றாகச் சுருங்குகின்றன என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.

டிரைவ் கரகரத்தது.
அடுத்த தட்டைப் போடு.
அடுத்த தட்டைப் போடு.
ஏழாவது மட்டும் சீக்கிரம் நிறைந்தது.
ஜூன் மாதமாக இருக்கும்,
சாரத்திலிருந்து இருளப்பன் விழுந்த வாரம்.
அங்கே எந்த வரியும்
முந்தைய வரியைப் போல் இல்லை.

பதினொன்றாவது, கடையிலேயே கெட்டது.
எழுத முடியவில்லை, மறுபடி முயலவா என்றது.
மூன்று முறை முயன்றோம்.
மனாமாவில் கடை அடைத்திருப்பார்கள்.
சில்வேரா சட்டைக்குள்ளிருந்து நீலத் தட்டு ஒன்றை எடுத்தான்:
குவைத் வேலைக்குத் தயாரித்த பயோடேட்டா.

இதில் உள்ள எல்லாம் அழியும், சம்மதமா?
திரையில் கேட்டதைத் தமிழில் படித்துக் காட்டினேன்.
'அழி. எட்டு வருச அனுபவம்னு போட்டிருந்தேன்.
அதே பொய்ய இன்னொரு தடவ டைப் அடிச்சுக்கிடலாம்.'

விடியுமுன் முடிந்தது.
எண் போட்டு, டிபன் கேரியரில் அடுக்கி,
மேலே ஆறு குப்பூஸ்.
பதினான்காவதை மட்டும் என் பையில் வைத்துக்கொண்டேன்.
தொழிலாளர் ஆபீஸில் விரிக்கும்போது
கடைசித் தட்டைத்தான் முதலில் கேட்கும்;
எது எங்கே என்ற பட்டியல் அதில் இருக்கிறது.
அது தொலைந்தால்
மீதி பதிமூன்றும் வெறும் பிளாஸ்டிக்.

கேட்டில் வாட்ச்மேன் கேரியரைத் திறக்கச் சொன்னான்.
குனிந்து பார்த்தான்.
ஒரு குப்பூஸை எடுத்துக்கொண்டு
போகச் சொன்னான்.